விண்வெளிச் சுற்றுலாவும் பயணியின் ஒப்புதலும்

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் காலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மொஹாவி பாலைவனத்திலுள்ள விமான நிலையத்திலிருந்து இரட்டை உடல் கொண்ட பெரிய விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் நடு இறக்கையின் அடியில் ‘யூனிட்டி’ என்னும் பெயருடைய சிறு கலம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. சுமார் 13 கிலோ மீட்டர் உயரத்தில் தாய் விமானம் அதனை விடுவித்தது. உடனே கலத்தின் ராக்கெட் எஞ்சின் இயக்கப்பட்டு 60 வினாடிகள் எரிந்தது. ஒலியின் வேகத்தைப் போல் 2.9 மடங்கு வேகத்தை எட்டிய அக்கலம் 82.7 கிலோ மீட்டர் உயரம் வரை சென்றது. பின்னர் எஞ்சின் துணையின்றிச் சறுக்கி, புறப்பட்ட நிலையத்தின் ஓடுபாதையிலேயே வந்து இறங்கியது. கலத்தில் இருந்தவர்கள் மார்க் ஸ்டக்கி, பிரெடெரிக் ஸ்டர்க்கோ என்னும் இரு விமானிகள். இவர்களுள் ஸ்டர்க்கோ முன்பு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் விண்வெளி ஓடங்களில் நான்கு முறை பறந்தவர்.

இந்தப் பயணத்தை மேற்கொண்டது எந்த அரசும் அன்று. பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்டு பிரான்சன் 2004-இல் தொடங்கிய வெர்ஜின் கேலக்டிக் என்னும் தனியார் நிறுவனம், கட்டணம் செலுத்துவோரை விண்வெளியின் விளிம்பு வரை அழைத்துச் சென்று திரும்பக் கொணர்வதைத் தன் தொழிலாகக் கொண்டது. தொடக்கத்தில் அது கேட்ட கட்டணம் ஒருவருக்கு 2 லட்சம் டாலர். 2021-இல் புதிய பயணிகளுக்கு இது 4.5 லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. இதற்கு ஈடாகப் பயணி பெறுவது சில நிமிட எடையற்ற நிலை, கரிய வானம், வளைந்து தோன்றும் பூமியின் காட்சி ஆகியவையே.

செல்வந்தர் சிலரின் உல்லாசத்துக்கு வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய ஓர் இதழில் என்ன இடம் என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இப்பயணங்களின் பின்னணியில் ஆட்சித் துறையினரும் பொருளாதார மாணவரும் கருதத்தக்க ஒரு சிக்கல் அடங்கியுள்ளது. எவ்வளவு ஆபத்தானது என்று எவருக்குமே திட்டமாகத் தெரியாத ஒரு புதிய தொழிலை அரசு எவ்வாறு நடத்த வேண்டும்? ஆபத்தை எடுத்துக் கூறி, பயணியிடம் கையொப்பம் பெற்றுக் கொண்டால் போதுமா? அமெரிக்கா இதற்கு ஒரு விடை கண்டது. அந்த விடை எவ்வாறு செயற்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு வகைப் பயணங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். பூமியைச் சுற்றி வரும் விண்கலம் வினாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோ மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். யூனிட்டி போன்ற கலம் எட்டுவது வினாடிக்கு ஒரு கிலோ மீட்டருக்கும் சற்றுக் குறைந்த வேகமே. மேல் நோக்கி எறிந்த கல் உச்சியை அடைந்து திரும்புவதைப் போல் அதுவும் ஏறி இறங்குகிறது, சுற்றுப்பாதையில் நிலைபெறுவதில்லை. இதனைத் துணைச் சுற்றுப்பாதைப் பயணம் என்பர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், ஒரே எடையுள்ள கலத்தைச் சுற்றுப்பாதையில் செலுத்துவதற்கு அறுபது மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் தேவைப்படும். திரும்பும்போது அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கழிக்கவும் வேண்டும். தனியார் நிறுவனங்கள் முதலில் சிறிய ஏணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுவே.

இந்த ஏணியும் புதியதன்று. 1961 மே 5-இல் ஆலன் ஷெப்பர்டு மேற்கொண்ட அமெரிக்காவின் முதல் மனித விண்வெளிப் பயணம் பதினைந்து நிமிடங்களே நீடித்த துணைச் சுற்றுப்பாதைப் பயணம்தான். அக்காலத்தில் அமெரிக்க விமானப் படையும் நாசாவும் எக்ஸ்-15 என்னும் ராக்கெட் விமானத்தை 199 முறை பறக்க விட்டன. 1963-இல் அவ்விமானம் 100 கிலோ மீட்டர் உயரத்தைக் கடந்தது. 1967-இல் அதன் விமானி ஒருவர் உயிரிழந்தார்.

விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு 100 கிலோ மீட்டரை எல்லையாகக் கொள்கிறது. அமெரிக்கப் படைத் துறையின் மரபு 50 மைல், அதாவது ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். யூனிட்டி இரண்டாவது எல்லையைக் கடந்தது. முதல் எல்லையை எட்டவில்லை. போட்டி நிறுவனமான புளூ ஆரிஜின் தன் விளம்பரத்தில் இதைச் சுட்டிக் காட்டத் தவறவில்லை. வான்வெளியில் கோடு எதுவும் வரையப்படவில்லையாதலால் இந்த வழக்கை வணிகர்களுக்கே விட்டு விடலாம்.

தனியார் முயற்சியின் தொடக்கம் 2004 ஜூன் 21. பர்ட் ரூட்டானின் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம், மைக்ரோசாப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலனின் நிதியுதவியுடன் உருவாக்கிய ‘ஸ்பேஸ்ஷிப் ஒன்’ என்ற கலத்தில் மைக் மெல்வில் 100 கிலோ மீட்டர் உயரத்தைக் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாளும் அக்டோபர் 4-ஆம் நாளும் அதே கலம் மீண்டும் பறந்து, ஒரு கோடி டாலர் அன்சாரி பரிசை வென்றது. யூனிட்டி இக்கலத்தின் பெரிய வாரிசாகும்.

இறகுப் பந்து உத்தி

ரூட்டானின் வடிவமைப்பில் நினைவிற் கொள்ள வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. உச்சியிலிருந்து கீழே விழும் கலம் அடர்ந்த காற்று மண்டலத்தில் நுழையும்போது நிலை தடுமாறாமல் இருக்க வேண்டும். இதற்காகக் கலத்தின் வால் பகுதி முழுவதும் மேல் நோக்கி மடங்குமாறு அமைக்கப்பட்டது. மடங்கிய நிலையில் கலம் பூப்பந்து ஆட்டத்தின் இறகுப் பந்தைப் போல் ஆகிவிடும். பந்தை எவ்வாறு அடித்தாலும் அதன் தலை கீழ் நோக்கியே விழுவது போன்று, கலமும் விமானியின் முயற்சியின்றித் தானே சரியான நிலையில் விழும். காற்றின் தடையால் வேகமும் குறையும். பிறகு வாலை மீண்டும் நேராக்கிச் சறுக்கி இறங்கலாம். எளிமையும் நுட்பமும் கூடிய உத்தி இது.

ஆனால் கலம் காற்று மிகுந்த பகுதியில் மேலேறிக் கொண்டிருக்கும்போது வால் மடங்கினால், காக்கும் உத்தியே கொல்லும் உத்தியாக மாறிவிடும். எனவே வாலுக்கு ஒரு பூட்டு வைக்கப்பட்டது. அதைத் திறப்பது துணை விமானியின் பொறுப்பு.

பதின்மூன்று வினாடிகள்

யூனிட்டிக்கு முன்னோடியான ‘என்டர்பிரைஸ்’ என்னும் கலம் 2014 அக்டோபர் 31-இல் தனது நான்காவது ராக்கெட் சோதனைப் பயணத்தை மேற்கொண்டது. அப்போது சோதனைகளை நடத்தி வந்தது ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம். விதிப்படி, கலம் ஒலியின் வேகத்தைப் போல் 1.4 மடங்கு வேகத்தை எட்டிய பின்பே வாலின் பூட்டைத் திறக்க வேண்டும். துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி அதை ஏறக்குறைய 0.8 மடங்கு வேகத்திலேயே திறந்து விட்டார். வாலை மடக்குவதற்கான விசையை எவரும் இயக்கவில்லை. ஆயினும் காற்றின் விசையே வாலைத் தூக்கி மடக்கியது. தாய் விமானத்திலிருந்து விடுபட்ட சுமார் 13 வினாடிகளில் கலம் வானிலேயே சிதறியது. ஆல்ஸ்பரி உயிரிழந்தார். விமானி பீட்டர் சீபோல்டு காயங்களுடன் பாராசூட்டில் தரையிறங்கினார்.

இவ்விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015 ஜூலையில் தன் முடிவுகளை வெளியிட்டது. இறந்த விமானியின் தவறு என்று கூறி அது கோப்பை மூடிவிடவில்லை. ஒரு தனி மனிதர் செய்யும் ஒரே ஒரு பிழை கலத்தையே அழித்துவிடக் கூடும் என்ற சாத்தியத்தை எண்ணிப் பாராததும், அதற்குத் தடுப்பு ஏற்பாடு செய்யாததும் நிறுவனத்தின் குறை என்று அது கூறியது. துணை விமானி சில வினாடிகளுக்குள் பல செயல்களை நினைவிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ராக்கெட் எரியும்போது ஏற்படும் அதிர்வும் அழுத்தமும் தரையிலுள்ள பயிற்சிக் கருவியில் காட்டப்படவில்லை. பூட்டை 1.8 மடங்கு வேகத்துக்குள் திறக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. தாமதித்தால் என்ன நேரும் என்று விமானிகள் நன்கு அறிந்திருந்தனர். முந்தினால் என்ன நேரும் என்பது அதே அழுத்தத்துடன் அவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை.

உரிமம் வழங்கும் பணியில் உள்ளோர் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னர் வருகிறது. இச்சோதனைகளுக்கு அனுமதி அளித்தது அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம். மனிதப் பிழையால் விளையக்கூடிய ஆபத்துகளை நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது அதன் விதி. நிறுவனம் அளித்த அறிக்கை அவ்விதியை நிறைவு செய்யவில்லை. முதலில் அனுமதி வழங்கியபோது இக்குறை கவனிக்கப்படவில்லை. பின்னர் கவனிக்கப்பட்டபோது, நிறுவனம் கேளாமலேயே அவ்விதியிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. விலக்குக்கு ஈடாகக் காட்டப்பட்ட முன்னெச்சரிக்கைகள் நடைமுறையில் பின்பற்றப்படுகின்றனவா என்பதும் உறுதி செய்யப்படவில்லை. விண்ணப்பங்களை 120 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி ஆய்வின் ஆழத்தைக் குறைத்தது என்றும், தொழில்நுட்ப அலுவலர்கள் எழுப்பிய வினாக்கள் மேலதிகாரிகளால் வடிகட்டப்பட்டன என்றும் வாரியம் கண்டது. கால வரையறை குறித்த கோப்புகளைக் கையாண்ட எவருக்கும் இந்நிலை புதிதாகத் தோன்றாது. கெடு நாளுக்குள் கையொப்பமிட்ட அலுவலர் திறமையானவர் என்று பெயர் பெறுகிறார். வினா எழுப்பியவர் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்று கருதப்படுகிறார்.

விபத்துக்குப் பின் சோதனைப் பொறுப்பை வெர்ஜின் கேலக்டிக் தானே ஏற்றது. யூனிட்டியில், ஆபத்தான கட்டங்களில் பூட்டைத் திறக்கவே இயலாதபடி ஓர் இயந்திரத் தடை சேர்க்கப்பட்டது. 2018 டிசம்பரில் நிகழ்ந்த பயணம் யூனிட்டியின் நான்காவது ராக்கெட் பயணம். முந்திய கலம் அழிந்ததும் நான்காவது ராக்கெட் பயணத்திலேதான்.

கற்கும் காலம் என்னும் காப்பு

இத்தொழிலுக்கு வழிகாட்டும் அமெரிக்கச் சட்டம் 2004 டிசம்பர் 23-இல் நிறைவேறியது. தரையில் இருக்கும் பொதுமக்களையும் அவர்தம் உடைமைகளையும் காக்கும் அதிகாரம் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உண்டு என்று அது கூறிற்று. கலத்தினுள் இருக்கும் பயணியின் பாதுகாப்புக்காக விதி வகுக்கும் அதிகாரமோ எட்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. உயிரிழப்போ கடுங்காயமோ அவற்றை விளைவித்திருக்கக் கூடிய நிகழ்ச்சியோ ஏற்பட்டாலன்றி நிர்வாகம் இதில் தலையிடலாகாது. இந்த இடைவெளிக்குக் கற்கும் காலம் என்று பெயர். அதுவரை பயணிக்குச் சட்டம் தரும் காப்பு ஒன்றே: ஆபத்துகளை நிறுவனம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், இக்கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். பயணி அதைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். கூட்டாட்சி அரசின் மீது இழப்பீடு கோரும் உரிமையையும் அவர் விட்டுக் கொடுக்க வேண்டும். வர்ஜீனியா, நியூ மெக்ஸிகோ முதலிய சில மாநிலங்கள் மேலும் ஒரு படி சென்று, இவ்வாறு ஒப்புதல் அளித்த பயணி நிறுவனத்தின் மீது தொடுக்கக் கூடிய வழக்குகளையும் குறுக்கிச் சட்டம் இயற்றின.

சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. எந்த வடிவமைப்பு சிறந்தது என்று தெரியாத நிலையில் விதி வகுத்தால், அவ்விதியே தவறான வடிவமைப்பை நிலைநிறுத்திவிடும். சில கலங்கள் பறந்து அனுபவம் சேர்ந்த பிறகு விதி வகுப்பதே அறிவுடைமை. பொருளாதாரம் பயின்றோர் இதில் ஒரு பழைய முகத்தைக் காண்பர். இளந்தொழிலுக்குச் சில ஆண்டுகள் சுங்கக் காப்பு அளித்தால் அது வளர்ந்து தன் காலில் நிற்கும் என்னும் வாதத்தின் மறு வடிவமே இது. இங்கே காப்பு வெளிநாட்டுப் போட்டியிலிருந்து அளிக்கப்படவில்லை, விதிமுறைகளிலிருந்து அளிக்கப்பட்டது. இளந்தொழிற் காப்பின் நோயும் இதனைப் பற்றியது. வரையறுத்த ஆண்டு முடியும்போது தொழில் இன்னும் இளையதாகவே இருக்கிறது, காப்பு நீட்டிக்கப்படுகிறது. 2012-இல் முடிய வேண்டிய காலம் 2015-க்கும், பின்னர் 2023-க்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகு சில குறுகிய நீட்டிப்புகளைத் தொடர்ந்து, 2024 மே மாதச் சட்டம் அதனை 2028 ஜனவரி 1 வரை கொண்டு சென்றது.

இதில் ஒரு விந்தை உண்டு. அன்சாரி பரிசுக்கான பயணங்கள் யாவும் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே முடிந்துவிட்டன. 2004 அக்டோபர் 4 முதல் 2018 டிசம்பர் 13 வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக, மனிதரை ஏற்றிய எந்தத் தனியார் கலமும் 80 கிலோ மீட்டர் உயரத்தைக் கடக்கவில்லை. கற்கும் காலத்தின் முதல் எட்டு ஆண்டுகளில் கற்பதற்குரிய பயணம் ஒன்றுகூட நிகழவில்லை என்பது இதன் பொருள். காலத்தை ஆண்டுகளால் அளந்தது சட்டத்தின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இத்தனை பயணங்கள் முடிந்த பிறகு, இன்னின்ன விவரங்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்த பிறகு, காப்பு முடியும் என்று விதித்திருந்தால் நிறுவனங்களுக்குக் கற்பதில் அக்கறை பிறந்திருக்கும்.

சட்டத்தின் பார்வை எத்திசையில் இருந்தது என்பதை 2021 ஜூலை 11-ஆம் நாள் நிகழ்ச்சி காட்டிற்று. அன்று பிரான்சனே யூனிட்டியில் பயணம் செய்தார். ஆந்திரத்தில் பிறந்த சிரீஷா பண்ட்லாவும் நிறுவனத்தின் அலுவலராக உடன் சென்றார். திரும்பும்போது கலம் தனக்கு ஒதுக்கப்பட்ட வான்வெளியை விட்டு 1 நிமிடம் 41 வினாடிகள் விலகியது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரணை முடியும் வரை, செப்டம்பர் இறுதி வரை, கலம் பறக்கத் தடை விதித்தது. ஒதுக்கப்பட்ட வான்வெளியை மீறுவது பிற விமானங்களுக்கு ஆபத்து. எனவே அதிகாரம் தெளிவாக இருந்தது. கலத்தின் உட்புறம் பற்றி அதே நிர்வாகத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை.

பன்னிரண்டு பயணங்கள் எதை நிறுவும்?

ஒப்புதல் என்பது அறிவை அடிப்படையாகக் கொண்டது. ஆபத்தின் அளவை அறிந்தவன் இசைவதும், அறியாதவன் இசைவதும் ஒன்றாகா. இங்கே பயணிக்கு அறிவிக்கப்படுவது எது? அறியப்பட்ட ஆபத்துகளும், இறக்க நேரிடலாம் என்பதும். நூற்றில் ஒன்றா, பத்தாயிரத்தில் ஒன்றா என்பது அறிவிக்கப்படுவதில்லை. விற்பவரிடம் பொறியியல் விவரங்களாவது உள்ளன. வாங்குபவரிடம் அதுவும் இல்லை.

யூனிட்டி 2018 முதல் 2024 ஜூன் வரை 80 கிலோ மீட்டருக்கு மேல் சென்ற பயணங்கள் 12. அவற்றுள் 2023 ஜூன் 29-இல் தொடங்கிய வணிகப் பயணங்கள் ஏழு. பன்னிரண்டிலும் உயிர்ச் சேதம் இல்லை. பாதுகாப்புக்கு இது போதிய சான்றன்றோ என்று தோன்றும். புள்ளியியல் மாணவர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பயணத்திலும் விபத்து நேரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொள்வோம். மிகக் கொடிய ஆபத்துதான். ஆயினும் 12 பயணங்களும் தொடர்ந்து பத்திரமாக முடிவதற்கு 28 சதவீத வாய்ப்பு உண்டு. விபத்து வாய்ப்பு 22 சதவீதமாகவே இருந்தாலும், பன்னிரண்டும் தப்புவதற்கு 5 சதவீத வாய்ப்பு எஞ்சும். எனவே வழக்கமான 95 சதவீத நம்பிக்கை அளவில், இப்பன்னிரண்டு பயணங்களைக் கொண்டு நாம் கூறக் கூடியது, விபத்து வாய்ப்பு 22 சதவீதத்துக்கு மேற்படாது என்பது மட்டுமே. ஆயிரத்தில் ஒன்றுக்கு மேற்படாது என்று பறந்து காட்டியே நிறுவ வேண்டுமானால், விபத்தின்றி ஏறக்குறைய 3,000 பயணங்கள் முடிய வேண்டும்.

முன்னோடிக் கலத்தையும் சேர்த்து எண்ணினால், இவ்விரு கலங்களும் ராக்கெட்டின் துணையுடன் பறந்தது சுமார் இருபது முறை. ஒரு முறை உயிர் போயிற்று. அமெரிக்க அரசின் விண்வெளி ஓடங்கள் 135 முறை பறந்து இரண்டு கலங்களையும் பதினான்கு உயிர்களையும் இழந்தன. ஒப்பு நோக்க, இன்றைய பயணிகள் விமானங்களில் உயிரிழப்புடன் கூடிய விபத்து பல லட்சம் பயணங்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே நேர்கிறது.

எண்ணிக்கையால் நிறுவ இயலாத இடத்தில் பொறியியல் ஆய்வே துணை. எந்த உறுப்பு பழுதானால் என்ன நேரும், எவர் தவறினால் என்ன நேரும் என்று முன்னரே ஆராய்வது அது. மனிதப் பிழை பற்றிய அந்த ஆய்வே விலக்கு அளிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. இத்தகைய ஆய்வைப் படித்துச் சீர்தூக்கும் ஆற்றல் தனிப் பயணிக்கு இல்லை. அது அவருக்காக ஒரு பொது அமைப்பு செய்ய வேண்டிய பணி. 2018-இன் யூனிட்டிப் பயணத்தைப் போன்ற சோதனைப் பயணங்களுக்கு உண்மையான மதிப்பு இவ்வகை ஆய்வைச் சரிபார்ப்பதில் உள்ளது.

ஆய்வு பயன் தரும் என்பதற்குச் சான்று போட்டி நிறுவனத்திடமே உண்டு. புளூ ஆரிஜின் 2021 ஜூலை 20-இல் தன் முதல் மனிதப் பயணத்தை நடத்தியது. நிறுவனர் ஜெப் பெசோஸுடன், 1960-களில் விண்வெளி வீரருக்கான சோதனைகளில் தேறியும் பெண் என்பதால் வாய்ப்புப் பெறாத வாலி பங்க் என்னும் 82 வயது மூதாட்டியும் சென்றார். அந்நிறுவனத்தின் ராக்கெட் ஒன்று 2022 செப்டம்பர் 12-இல் எஞ்சின் கோளாறால் அழிந்தது. அன்று அதில் மனிதர் இல்லை. இருந்திருந்தாலும், ராக்கெட்டிலிருந்து அறையைத் தனியே பிரித்து எறியும் அமைப்பு தன் வேலையைச் செய்து, அறையைப் பாராசூட்டில் இறக்கியது. யூனிட்டியில் இத்தகைய தனி ஏற்பாடு இருக்கவில்லை. எது மேல் என்று இக்கட்டுரை தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் பயணிக்கு இந்த வேறுபாடு எடையிட்டுக் காட்டப்பட வேண்டும் என்பதே கருத்து.

விமானப் போக்குவரத்தின் வரலாறு இங்கு நினைவு கூரத்தக்கது. ரைட் சகோதரர்கள் பறந்த 1903-இலிருந்து 23 ஆண்டுகள் கழிந்தே, 1926-இல், அமெரிக்காவில் விமானங்களுக்கும் விமானிகளுக்கும் அரசுச் சான்று கட்டாயமாயிற்று. அச்சட்டத்தை வேண்டியவர்களுள் விமானத் தொழிலில் ஈடுபட்டிருந்தோரும் இருந்தனர். விபத்துச் செய்திகளால் மக்கள் விமானத்தில் ஏறவே அஞ்சினர். அரசின் சான்று இருந்தால் பயணிகள் வருவர் என்று அவர்கள் கணித்தனர். சான்று தொழிலை நெருக்கவில்லை; சந்தையை உண்டாக்கிற்று.

பொதுமக்களின் பணம்

இதனை முழுவதும் தனியார் முயற்சி என்பதும் பொருந்தாது. வெர்ஜின் கேலக்டிக்கைத் தன் மண்ணுக்கு ஈர்ப்பதற்காக நியூ மெக்ஸிகோ மாநிலம் பாலைவனத்தில் ஏறக்குறைய 22 கோடி டாலர் பொதுச் செலவில் ‘ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா’ என்னும் தளத்தைக் கட்டியது. இதன் பொருட்டு டோனா ஆனா, சியரா ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வாக்களித்துத் தங்கள் மீது கூடுதல் விற்பனை வரி விதித்துக் கொண்டனர். ஓடுபாதை 2010-இலும் கட்டடம் 2011-இலும் திறக்கப்பட்டன. அத்தளத்திலிருந்து விண்வெளியின் விளிம்புக்கு முதற் பயணம் நடந்தது 2021 மே 22-இல். முதல் வணிகப் பயணம் 2023-இல். சோதனை தாமதமாவதும் விபத்து நேர்வதும் முன்னோடித் தொழிலில் இயல்பே. ஆனால் அத்தாமதத்தின் வட்டியைச் சுமந்தவர்கள் கடைகளில் பொருள் வாங்கிய சாதாரண மக்கள். பயணியிடமாவது ஒரு படிவம் நீட்டப்பட்டது. ஆபத்தை விளக்கும் படிவம் எதுவும் இவர்களிடம் நீட்டப்படவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் விண்வெளித் துறை 2020-இல் தனியாருக்குத் திறந்து விடப்பட்டு, அனுமதியும் ஊக்கமும் அளிப்பதற்கென ‘இன்-ஸ்பேஸ்’ என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 2023-இல் விண்வெளிக் கொள்கை வெளியிடப்பட்டது. ஸ்கைரூட் நிறுவனத்தின் ‘விக்ரம்-எஸ்’ ராக்கெட் 2022 நவம்பர் 18-இல் ஆளின்றி 89.5 கிலோ மீட்டர் உயரம் சென்றது. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் தனது சொந்த ஏவுமேடையிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. அதே மாதம் 19-ஆம் நாள் இந்தியக் குடிமகனான கோபி தோட்டகூரா புளூ ஆரிஜின் கலத்தில் பயணியாகச் சென்று வந்தார். இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று மனிதரை ஏற்றிச் செல்ல அனுமதி கோரும் நாள் தொலைவில் இருக்கலாம். ஆயினும் அதற்கான வினாப் பட்டியலை நாம் இப்போதே வகுத்துக் கொள்ளலாம்.

ஊக்கமளிப்பதும் அனுமதியளிப்பதும் ஒரே அமைப்பின் பணிகளாக இருக்கும்போது, ஆய்வுப் பிரிவின் வினாக்கள் ஊக்கப் பிரிவின் மேசையில் தேங்காதிருக்க வழி செய்ய வேண்டும். அமெரிக்க நிர்வாகத்தின் அந்தப் பிரிவுக்கும் இவ்விரு பணிகளும் சேர்த்தே அளிக்கப்பட்டிருந்தன. விண்ணப்பத்தை முடிப்பதற்குக் கெடு வைப்பது முறையே; ஆனால் நிறுவனத்தின் ஆபத்து ஆய்வு முழுமை பெறும் வரை கெடு ஓடத் தொடங்கலாகாது. விலக்கு அளிப்பதாயின் காரணத்துடன் வெளியிடப்பட வேண்டும். ஒப்புதல் படிவத்தில், அதே வகைக் கலத்தின் பயண எண்ணிக்கை, விபத்துகள், பாதியில் கைவிடப்பட்ட முயற்சிகள் ஆகியவை எண்களால் குறிக்கப்பட வேண்டும். யூனிட்டியே 2020 டிசம்பர் 12-இல் எஞ்சின் தொடங்கியவுடன் நின்றுபோய்த் திரும்பி வந்ததுண்டு. இத்தகைய நிகழ்ச்சிகள் விபத்துப் பட்டியலில் இடம்பெறுவதில்லை, எனினும் கற்பதற்கு மிகுந்த பயன் உடையவை.

இதில் அரசுக்கு நேரடியான நிதிப் பொறுப்பும் உண்டு. 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின்படி, தனியார் நடத்தும் விண்வெளிச் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே பன்னாட்டு அளவில் பொறுப்பு. 1972-ஆம் ஆண்டு பொறுப்பு உடன்படிக்கையின்படி, விண்பொருள் ஒன்று பிற நாட்டின் தரையில் சேதம் விளைவித்தால், ஏவிய நாடு தன் மீது குற்றம் இருப்பினும் இல்லாவிடினும் இழப்பீடு தர வேண்டும். எண்பது கிலோ மீட்டர் வரை சென்று திரும்பும் கலம் விண்பொருளா, விமானமா என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. விமானமாயின் வான் தகுதிச் சான்று தேவை, விண்பொருளாயின் தேவையில்லை. முதல் விண்ணப்பம் வரும்போது அனுமதி அலுவலர் விடை காண வேண்டிய முதல் வினா இதுவாகவே இருக்கும்.